கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்கள்

கும்பகோணத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, அணைக்கரை என்னும் ஊரில் கொள்ளிடத்தைக் கடக்கிறது. ஆறு அவ்விடத்தில் இரு கிளையாகப் பிரிந்து, நடுவே ஒரு திட்டை விட்டுச் செல்வதால் அணையும் இரு பகுதியாகவே கட்டப்பட்டுள்ளது. கீழணை என வழங்கப்பெறும் இவ்வணையைச் சர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1836 ஆம் ஆண்டில் அமைத்தார். அவ்வழியே போவோர் பெரும்பாலும் நீரின் அளவைத்தான் நோக்குவர். கல்லை நோக்குவார் அரியர். ஆயினும் அவ்வணைக்கென்று கொண்டுவரப்பட்ட கருங்கற்களில் ஒரு பெரும் பகுதி எந்த மலையிலிருந்தும் வெட்டியெடுக்கப்பட்டதன்று. அங்கிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு பழைய தலைநகரின் கோயில் மதிலை இடித்துப் பெயர்த்தெடுத்த கல் அது. அந்நகரின் பெயர் கங்கைகொண்ட சோழபுரம்.

தென்னாட்டை 250 ஆண்டுகள் ஆண்ட ஒரு நகரம் எப்படிச் சிற்றூராயிற்று என்பதை மன்னர் வரிசையை மட்டும் ஓதி விளங்கிக்கொள்ள இயலாது. அவ்வூர் இருக்கும் நிலத்தை முதலில் அறிதல் வேண்டும்.

இன்று அரியலூர் மாவட்டத்தில் உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்துள்ளது இவ்வூர். நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து, 1995 இல் பெரம்பலூர் மாவட்டத்தோடு பிரிந்து, 2001 இல் அரியலூர் மாவட்டத்துக்குப் போய், மறு ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் சேர்ந்து, 2007 இல் மறுபடியும் அரியலூருக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறிய ஊருக்கு, ஒரு காலத்தில் கங்கைக் கரை முதல் கடாரம் வரை கப்பம் கட்டிற்று என்பது விந்தைதான்.

வட்டத்தின் நிலம் இரு வகைப்பட்டது. வடக்கிலும் மேற்கிலும் செம்மண் மேடு. அங்கே மழையை நம்பியே பயிர். பழங்காலத்தில் தினையும் வரகும் கேழ்வரகும் விளைந்த அம்மேட்டில், இன்று முந்திரித் தோப்புகள் பரந்து கிடக்கின்றன. முந்திரி, போர்த்துக்கீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த மரம். சோழர் அதைக் கண்டவரல்லர். தெற்கே இறங்கினால் கொள்ளிடத்துப் படுகை. அங்கே வண்டல், வாய்க்கால், நெல். இவ்விரு நிலமும் தழுவிக்கொள்ளும் விளிம்பில்தான் கங்கைகொண்ட சோழபுரம் அமைந்துள்ளது. மேட்டுக்காரனுக்கு நெல் வேண்டும். படுகைக்காரனுக்கு மேட்டில் மேய்ந்த மாடும், எள்ளும், விறகும் வேண்டும். உலகெங்கும் சந்தை கூடும் இடம் இத்தகைய விளிம்புகளே.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. இப்பகுதியில் கருங்கல் கிடையாது. அரியலூர்ச் சீமை பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த நிலம். காரை முதலிய ஊர்களில் இன்றும் கடற்சிப்பிகளும், சுருண்ட ஓடுடைய பண்டைய உயிர்களின் கல்லுருக்களும் ஓடைக் கரைகளில் கிடைக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகமும் உள்ளது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லால்தான் அரியலூரில் சிமெண்டு ஆலைகள் நடைபெறுகின்றன. ஆனால் தூண் நிறுத்தவும் மதில் எழுப்பவும் தக்க கடினப் பாறையை நாடினால் மேற்கே பெரம்பலூர், திருச்சிப் பக்கம் போயாக வேண்டும். ஆகவே இவ்வூரில் நின்ற ஒவ்வொரு கருங்கல்லும் வண்டியேறி வந்த கல். அதன் அருமையே பின்னாளில் அதற்குப் பகையாக முடிந்தது.

தஞ்சையில் தந்தை எழுப்பிய பெருங்கோயிலும் அரண்மனையும் இருக்க, முதலாம் இராஜேந்திரன் 70 கிலோமீட்டர் வடகிழக்கே வந்து புதிய தலைநகர் கண்டது ஏன்? கங்கை வரை சென்ற படை 1023 ஐ ஒட்டி வெற்றியோடு திரும்பிற்று. அவ்வெற்றியின் நினைவாக 1025 அளவில் நகர் எழுந்தது என்று நூல்கள் உரைத்து அமைகின்றன. அது மெய்யே. எனினும் நிலத்தைப் பார்ப்பவர்க்கு வேறு காரணங்களும் புலனாகும். சோழரின் பகை தெற்கே பாண்டி நாட்டில் இருந்தது. பரந்து விரிந்த கொள்ளிடம் அப்பகைக்கு எதிரே இயற்கை அகழியாயிற்று. சோழரின் நாட்டமோ வடக்கே காஞ்சி, வேங்கி, கலிங்கம் எனச் சென்றது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் தஞ்சையை வடபுலத்திலிருந்து துண்டித்துவிடும். புதுநகரிலிருந்து வடக்கே புறப்படும் படைக்கு அந்தத் தடையில்லை. மேலும் நகரத்தைப் படுகையில் கட்டினால் அத்தனை வேலி நன்செய் அழியும். மேட்டு விளிம்பில் கட்டினால் விளைநிலம் தப்பும். இக்காரணங்களைக் கல்வெட்டு எதுவும் கூறவில்லை. இவை என் கருத்தேயாகும். ஆனால் அவர்கள் நீர்க்கணக்கு அறிந்தவர்கள் என்பதற்குச் சோழகங்கமே சான்று.

மேட்டு நிலத்தில் தலைநகர் கண்டவனுக்கு முதற் கவலை தண்ணீர். ஆதலின் நகரின் மேற்கிலும் வடக்கிலும் ஒரு மாபெரும் ஏரி வெட்டப்பட்டது. கங்கை நீரைக் குடங்களில் கொணர்ந்து அதில் பெய்து, நீராலாகிய வெற்றித் தூண் என அதனை நாட்டினான் மன்னன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. மன்னர்கள் வெற்றித் தூணைக் கல்லில் நாட்டுவது வழக்கம். இவன் அதை நீரில் நாட்டினான். ஊரார் அதனைப் பொன்னேரி என்று அழைத்தனர். 1855 இல் வெளிவந்த தென்னிந்தியப் புவியியல் தொகுப்பு ஒன்று இவ்வேரிக்கரையின் நீளத்தை 16 மைல் என்று குறிக்கிறது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேற்பட்ட கால்வாய் ஒன்றும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்றும் நீர் கொணர்ந்தன என்றும், கரையில் வலுவான மதகுகள் பல இருந்தன என்றும் அந்நூல் உரைக்கிறது. இரண்டு ஆறுகளின் நீரை ஒரு கரையில் தேக்கிய திட்டம் அது. ஓர் ஆறு பொய்த்தாலும் மற்றது கைகொடுக்கும்.

நகரத்தின் உள்ளமைப்பைக் கல்வெட்டுகள் துண்டு துண்டாக நமக்குக் காட்டுகின்றன. இராஜராஜன் பெருந்தெரு, இராஜேந்திரன் பெருந்தெரு என அகன்ற தெருக்கள் இருந்தன. தெற்கே வேம்புகுடி என்ற ஊரை நோக்கிய வாயிலுக்கு வேம்புகுடி வாசல் என்று பெயர். வேம்புகுடி இன்றும் ஊராக இருக்கிறது, வாசல்தான் இல்லை. வெளியூர்களுக்குச் சென்ற நெடுஞ்சாலைகள் பெருவழி எனப்பட்டன. இராஜராஜன் பெருவழி, இராஜேந்திரன் பெருவழி என்று மன்னர் பெயரால் அமைந்தவற்றின் இடையே கூழையானை போன பெருவழி என்றும் ஒன்று உண்டு. கூழை என்றால் குட்டை. என்றோ ஒரு குட்டை யானை நடந்து போன பாதையை ஊரார் அப்பெயராலேயே அழைக்க, அரசாங்க எழுத்தரும் அதையே கல்லில் பொறித்துவிட்டனர். பட்டப்பெயர்களால் நிறைந்த அந்நகரில் குடிமக்களின் குரல் கேட்கும் இடங்களுள் இஃது ஒன்று.

அரண்மனை இருந்த இடம் இன்று மாளிகைமேடு எனப்படுகிறது. கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் பலமுறை அங்கே அகழ்ந்துள்ளது. 2020 க்குப் பின்னும் பணி தொடர்ந்தது. செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல்கள், தந்தத்தாலான பொருள்கள், சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் ஆகியன வெளிப்பட்டன. மன்னர் வாழ்ந்த மாளிகை செங்கல்லாலும் மரத்தாலும் ஓட்டாலும் ஆனது. கருங்கல் முழுமையும் இறைவனுக்கென்று கோயிலுக்கே போயிற்று. அக்காலத்து மரபு அது. இதனால்தான் 53 மீட்டர் உயர விமானம் நிற்க, அரண்மனை மண்மேடாயிற்று. செங்கல் எளிய பொருள். தோண்டியெடுத்துச் சென்று எவரும் வீடு கட்டலாம். தலைமுறை தலைமுறையாகச் சுற்றுவட்டார மக்கள் அதைத்தான் செய்தனர்.

கோயிலில் இன்று காணக்கிடைக்கும் கல்வெட்டுகளுள் முற்பட்டது இராஜேந்திரனின் புதல்வனான வீரராஜேந்திரனுடையது. அவனது ஐந்தாம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1068 ஐ ஒட்டியது. சோழகேரளன் என்னும் திருமாளிகையில் அமர்ந்து மன்னன் ஆணை பிறப்பித்த செய்தியும், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் விவரமும் அதில் விரிவாக உள்ளன. எந்த ஊர், எவ்வளவு நிலம், எவ்வளவு நெல் என்று சலிப்பின்றிக் கணக்கெழுதியிருக்கிறார்கள். தலைநகரம் என்பது தான் விளைவிக்காததை உண்ணும் ஊர் என்ற உண்மையை இக்கல்வெட்டைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

அதே 1068 ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 460 இல், உலகின் மறுகோடியில் ஓர் அறிஞர் தம் நூலை முடித்தார். அவர் ஸ்பெயினில் வாழ்ந்த அபூ உபைத் அல்பக்ரி. வழிகளையும் நாடுகளையும் பற்றிய அந்நூலில் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா அரசின் தலைநகரை அவர் வருணிக்கிறார். அவர் அங்குச் சென்றவரல்லர். போய்வந்த வணிகரிடம் கேட்டு எழுதியவர். சமவெளியில் இரண்டு ஊர்கள். ஒன்றில் முஸ்லிம் வணிகர் வாழ்ந்தனர். அதில் பன்னிரண்டு பள்ளிவாசல்கள் இருந்தன. ஆறு மைல் அப்பால் மன்னரின் ஊர். இரண்டுக்கும் இடையே தொடர்ச்சியாக வீடுகள். உப்பு ஏற்றிய கழுதை ஒன்று நாட்டுக்குள் நுழைந்தால் மன்னருக்கு ஒரு பொன் தீனார், வெளியே சென்றால் இரண்டு. பாலைக்கும் பசும்புல் வெளிக்கும் இடைப்பட்ட விளிம்பில் அமைந்து, வடக்கின் உப்பையும் தெற்கின் பொன்னையும் மாற்றிக் கொடுத்து வாழ்ந்தது அவ்வூர். இன்று மௌரித்தானியா நாட்டில் மணலில் கிடக்கும் கும்பி சாலிஹ் என்ற இடிபாடே அதுவென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

தொலைவிலுள்ள அவ்வூரை இங்கே நினைப்பதற்குக் காரணம் உண்டு. கானாவில் அரசும் அங்காடியும் அடுத்தடுத்து இருந்தன. கங்கைகொண்ட சோழபுரத்தில் அங்காடிகள் இருந்தன என்பது உண்மையே. ஆனால் சோழரின் பெருவணிகம் நடந்த இடம் அதுவன்று, கடற்கரை. தலைநகருக்குத் தென்கிழக்கேயுள்ள நாகப்பட்டினமே சோழரின் தலையாய துறைமுகம். 1025 இல் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கிய கப்பற்படையின் வரலாற்றில் அத்துறைக்குப் பெரிய இடமுண்டு. சுமத்திராவில் பாருஸ் என்ற கற்பூரத் துறையில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088 இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டியது. 1077 இல் முதற் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் அடங்கிய தூதுக்குழு சீனம் சென்று, கொடுத்த பொருளுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசு பெற்று வந்தது. தூது என்பது அக்காலத்தில் வணிகத்தின் மரியாதைப் பெயர். மாளிகைமேட்டில் கிடைக்கும் சீனப் பீங்கான் ஓடுகள் இவ்வழியாகவே வந்திருத்தல் வேண்டும்.

இவ்வணிகத்தில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. அரபு நாட்டிலிருந்து வந்தவரையும் அவர் வழியினரையும் சோனகர் எனத் தமிழ் மக்கள் அழைத்தனர். சோனகர் ஒருவரின் பெயர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலேயே இடம்பெற்றுள்ளது. மேற்கிலிருந்து கடல்வழி வந்த வணிகரின் அஞ்சுவண்ணம் என்னும் குழு, ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் ஆகியோரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சோழர் படைக்கு வேண்டிய குதிரை இந்நாட்டில் பிறப்பதன்று. அது அரபுக் கடலைக் கடந்து வரவேண்டும். குதிரை கொணர்ந்தவர் யார் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

ஆக, இந்நகரை இரண்டு கயிறுகள் தாங்கின. ஒன்று நெல், மற்றொன்று நீர். கடல் வணிகத்தின் செல்வம் வந்து சேர்ந்தது அரசன் இங்கே இருந்தமையால். அரசன் போனால் அது வேறு வாசலுக்குப் போய்விடும். அவ்வாறே போயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டில் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டினான். அதன்பின் சோழர் தலைநிமிரவில்லை. 1279 க்குப் பிறகு மூன்றாம் இராஜேந்திரனைப் பற்றிய செய்தியே இல்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே எந்தப் பகையை எதிர்பார்த்து இந்நகர் எழுந்ததோ, அந்தப் பகையே ஆற்றைக் கடந்துவிட்டது. கோயிலை மட்டும் பாண்டியர் விட்டுவைத்தனர். அவர்கள் கல்வெட்டுகளும் அக்கோயிலில் உள்ளன. ஆனால் அரசு மதுரைக்குச் சென்றது. குதிரை வணிகமும் நாகப்பட்டினத்தை விட்டுத் தெற்கே காயலுக்குச் சென்றது.

காயலின் எழுச்சியை நம் பத்திரிகைகளில் பலர் எழுதியுள்ளனர். அதை அவர்கள் தனியே எழுதுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. சோழ நகரின் வீழ்ச்சியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழுப் பொருளும் விளங்கும். 1290 களில் அவ்வழி வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கைஸ், ஏடன், அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் காயலில் தங்கின என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை கொடுக்கப்பட்டது எனக் குறிக்கிறார். பாண்டியரிடம் உயர்பதவி வகித்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானைப் பற்றியும் அவர் வாயிலாகவே அறிகிறோம். கங்காபுரியின் மாளிகையில் ஓடு சரியத் தொடங்கிய அதே ஆண்டுகளில் காயல் துறையில் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அரசன் போன பின்னும் ஏரி இருந்திருந்தால் ஊர் வாழ்ந்திருக்கும். ஏரியும் போயிற்று. படையெடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே கரையை உடைத்தனர் என்று ஊரார் கூறுவதாக 1855 ஆம் ஆண்டு நூல் எழுதுகிறது. அப்படி ஒரு நாள் நடந்திருக்கலாம். என் எண்ணம், உடைத்தவனைவிட, உடைந்ததை அடைக்க ஆளில்லாமற் போனதே பெருங்கேடு என்பதுதான். 60 மைல் கால்வாயை ஆண்டுதோறும் தூர்வார ஒரு கிராமத்தால் இயலுமா? அரசாங்கம் இருந்தவரை அது ஓடிற்று. ஏரியின் வயிற்றில் அடர்ந்த காடு வளர்ந்தது. அப்பெரிய கோயிலோ, பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டையாகப் பயன்பட்டது. படை தங்குவதற்கு இத்தனை உயர்ந்த மதில் வேறெங்கும் இல்லையல்லவா?

பிறகு வந்தது 1836. கொள்ளிடம் தன் கால்வாயை ஆழப்படுத்திக்கொண்டு, காவிரிக்குரிய நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டிருந்தது. மேலே முக்கொம்பிலும் கீழே அணைக்கரையிலும் அணை கட்டினால்தான் தஞ்சையும் தென்னார்க்காடும் பிழைக்கும் என்பது காட்டனின் திட்டம். திட்டம் நல்லதே, அதனால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். கல் வேண்டியிருந்தது. படுகையிலோ கருங்கல் இல்லை என்பதை முன்னர்க் கண்டோம். வடக்கே பத்துக் கிலோமீட்டரில், செதுக்கி அடுக்கிய நிலையிலேயே கல் இருந்தது. கோயிலின் சுற்றுமதில் ஏறக்குறைய முழுவதும் இடிக்கப்பட்டது. சிற்பங்கள் அமைந்த கற்களும் தப்பவில்லை.

அந்த 1855 ஆம் ஆண்டு நூல் இதைக் கூறும் இடம் படிப்பவர் நெஞ்சைத் தொடும். ஏழைக் கிராமத்தார் தம்மால் இயன்றவரை அவ்வழிவைத் தடுக்க முயன்றனர் என்றும், இடித்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல்லால் மதில் எழுப்பித் தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது என்றும், அவ்வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் எழுதியவர் வருந்துகிறார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே வெளிவந்த நூல் அது. சொன்ன சொல்லுக்கும் செய்த செயலுக்கும் இருந்த இடைவெளியை ஆட்சியாளரின் மொழியிலேயே பதிவு செய்தமைக்கு அவருக்கு நன்றி கூற வேண்டும். தடுக்க முயன்ற அக்கிராமத்தாரின் பெயர்கள் எதிலும் பொறிக்கப்படவில்லை. மன்னனுக்கு மெய்க்கீர்த்தி பாடிய கல்லைக் காக்கப் போராடிய மக்களுக்கு அக்கல்லில் இடமில்லாமற் போயிற்று.

கற்கள் எங்கே போயின என்று கேட்டால், நீருக்குள் போயின என்று சொல்லலாம். அவை தாங்கும் நீர் எங்கே போகிறது? கீழணையிலிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிறைக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் வீரநாராயணன் என்ற பெயரால் அமைந்த ஏரி அது. வீராணத்தை அடுத்துள்ளது லால்பேட்டை. மன்பவுல் அன்வார் மத்ரஸாவால் தென்னாடெங்கும் அறியப்பட்ட அவ்வூரை இதைப் படிப்போர்க்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவ்வூரின் வெற்றிலைக் கொடிக்கால்களும் வயல்களும் வீராணத்து நீரால் செழித்தவை. கங்கைகொண்ட சோழபுரத்து மதிற்கல்லின் மீது வழிந்த நீரில் ஆலிம்கள் பலர் ஒளூச் செய்திருக்கிறார்கள் என்றால் அது மிகையன்று. 2004 முதல் அவ்வேரியின் நீர் குழாய் வழியே சென்னைக்கும் செல்கிறது. ஆகவே மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் குடம் பிடிக்கும் குடும்பங்களுக்கும் இக்கல்லோடு தொடர்பு ஏற்பட்டுவிட்டது.

இனி, சந்தையைப் பற்றிச் சிறிது. தலைநகர் அழிந்தபோது அந்த நில விளிம்பு அழியவில்லை. மேட்டுக்கும் படுகைக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடவில்லை. அது மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஜெயங்கொண்டத்தில் நிலைகொண்டது. அப்பெயரும் ஜெயங்கொண்ட சோழபுரம் என்பதன் சுருக்கமே. சோழனின் பட்டப்பெயரைத் தாங்கிய அவ்வூர் இன்று நகராட்சி. தறிநெசவுக்குப் பெயர் பெற்றது. முந்திரியும் நிலக்கடலையும் எள்ளும் அங்கே கைமாறுகின்றன. உடையார்பாளையத்துக்கும் ஆண்டிமடத்துக்கும் தா.பழூருக்கும் வழி அங்கிருந்துதான். கங்கைகொண்ட சோழபுரத்தில் இருப்பவர் ஒரு திருமணத்துக்குச் சேலை எடுக்க வேண்டுமென்றால் ஜெயங்கொண்டம் செல்கிறார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதற்கொப்பான ஓர் ஊர் இருக்கிறது. மாலி நாட்டில் பானி ஆற்றருகே ஜென்னே. அங்கே மண்ணால் எழுப்பிய பெரிய பள்ளிவாசலின் முன் திங்கட்கிழமைதோறும் கூடும் சந்தை உலகப் புகழ் பெற்றது. அப்பள்ளியின் இப்போதைய கட்டடம் 1907 இல் எழுந்தது. ஆனால் இன்றைய ஜென்னே பழைய ஜென்னே அன்று. மூன்று கிலோமீட்டர் அப்பால் ஒரு மேடு உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே குடியேற்றம் கண்டு, கி.பி. 1400 அளவில் மக்கள் முற்றிலும் கைவிட்ட பழைய நகரம் அது. மக்கள் இடம் மாறினர். படகில் வரும் மீனும் நெல்லும் வறண்ட நாட்டு உப்பும் மாறும் தொழில் மாறவில்லை. அகழ்வாராய்ச்சியாளர் 1977 முதல் அம்மேட்டைத் தோண்டிய பின்னரே உலகம் அதன் தொன்மையை அறிந்தது. மாளிகைமேட்டில் 1980 இல் முதல் மண்வெட்டி விழுந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

ஜெயங்கொண்டத்து மேட்டுக்கு அண்மைக் காலத்தில் வேறொரு சோதனை வந்தது. நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதை அறிந்து, மின்திட்டத்துக்கென 1990 களில் சுற்று வட்டாரத்துக் கிராமங்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. திட்டம் நடைபெறவில்லை. உரிமை எவருடையது என்று தெரியாமல் உழவர் பல்லாண்டு அலைந்தனர். பின்னர் நிலங்களை உரியவர்க்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. ஏரிக்கும் அரண்மனைக்கும் தம் நிலத்தைக் கொடுத்த பழங்குடியானவர் அன்று என்ன பேசிக்கொண்டனரோ, கல்வெட்டில் அது இல்லை.

கோயில் 2004 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில், 1987 இலேயே இடம்பெற்றிருந்த தஞ்சைக் கோயிலோடு சேர்க்கப்பட்டது. அதன்பின் வெளிநாட்டார் வருகை மிகுந்தது. 2025 இல் இராஜேந்திரனின் கடற்படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததை ஒட்டிப் பெருவிழா எடுத்தனர். ஜூலை மாதத்தில் இந்தியப் பிரதமரே வந்து சென்றார். அவ்வாண்டிலேயே சோழகங்கம் ஏரியைச் சீரமைக்க நிதி ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வருவோர் விமானத்தை அண்ணாந்து பார்த்து, வாயிற் சிங்கத்தின் வழியே கிணற்றில் இறங்கும் படிகளை வியந்து, ஒரு மணி நேரத்தில் பேருந்து ஏறிவிடுகின்றனர். கோயிலைப் பார்த்தால் நகரைப் பார்த்ததாகிவிடாது. நகரைப் பார்க்க விரும்புவோர் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். கோட்டையின் உட்பகுதி இருந்த இடம் உட்கோட்டை. அரசனின் மெய்க்காவலர் குடியிருப்பு மெய்க்காவல்புத்தூர். படைக்கலம் வைத்திருந்ததாகக் கூறப்படும் ஊர் ஆயுதக்களம். கடல் கடந்த வெற்றியை நினைவூட்டுவது கடாரங்கொண்டான். வேம்புகுடி, இடைக்கட்டு, வாணதிரையன்பட்டினம் என்று அவ்வரிசை நீள்கிறது. கல்லைப் பெயர்த்தவர்கள் இப்பெயர்களைப் பெயர்க்கவில்லை. ஊராட்சிப் பலகைகளிலும், குடும்ப அட்டைகளிலும், ஜெயங்கொண்டம் செல்லும் சிற்றுந்தின் நெற்றியிலும் அவை இன்றும் எழுதப்பட்டிருக்கின்றன.